விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு ஒத்திகை

தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவின் பே ஏரியாவில் நிலநடுக்கவியல் படித்தபோது எங்களுக்கு ஒரு வேடிக்கையான வகுப்பு இருந்தது. ஒருவர் விஞ்ஞானியாக, ஒருவர் மேயராக, இன்னொருவர் நிலப்பிளவுக்குப் பக்கத்தில் வீடு வாங்கியவராக நடிக்கவேண்டும். ஆபத்தை ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பழக்குகிறார்களாம். எனக்கு விஞ்ஞானி வேஷம். "என் வீட்டுக்கு என்ன ஆகும்?" என்று கேட்ட சக மாணவியிடம் நிகழ்தகவைப் பற்றி நீட்டி முழக்கினேன். பேராசிரியர் இடைமறித்தார். நீ பதிலே சொல்லவில்லை, அடுத்த வாரம் மறுபடி செய், இல்லாவிட்டால் நகரக் கூட்டங்களில் பேச உன்னை அனுப்ப முடியாது என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் தெரியாமலா நின்றேன்? வாய் வரவில்லை, அவ்வளவுதான். அரிசி தீர்ந்துபோனால்கூட "இல்லை" என்று சொல்லாமல் "நிறைஞ்சிருக்கு" என்று சொல்லி வளர்ந்தவள் நான். ஒருத்தி முகத்தைப் பார்த்து உன் வீடு இடியும் என்று எப்படிச் சொல்வது?

அன்று சாயங்காலம் என் கணவரை அந்த வீடு வாங்கியவராக நடிக்கச் சொன்னேன். மகள் ஹாலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க மேடம். பர்சன்டேஜ் எல்லாம் வேணாம். என்ன ஆகும்?"

"பெரிய அதிர்வு வந்தா, கனமான சாமான் எல்லாம் இடம் மாறலாம்."

"இடம் மாறுமா? டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்த மாதிரியா?"

அவருக்குச் சிரிப்பு வேறு. எரிச்சலோடு, உதாரணத்துக்கு எதையாவது காட்டலாம் என்று திரும்பினேன். கட்டிலின் தலைமாட்டில் என் பாடப்புத்தகங்கள் அடுக்கிய உயரமான அலமாரி. அதன் அடியில் மகளின் தலையணை. தினமும் பார்க்கிற அலமாரிதான்.

"இது நேரா நம்ம பொண்ணு தலைமேல விழும்," என்றேன். "செத்துப்போயிடுவா."

அவர் முகம் மாறியது. "விளக்கு வைக்கிற நேரத்துல என்னடி பேச்சு இது!" என்று கத்தினார். அது வேஷம் இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பிறகு எழுந்துபோய் டிரில்லை எடுத்து வந்தார். புத்தகங்களை நான் இறக்கிவைக்க, அலமாரியைச் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்.

"கிளாஸ்ல இப்படியே சொல்லு," என்றார், திரும்பிப் பார்க்காமல். "நம்ம பொண்ணை மட்டும் இழுக்காத."

அலமாரியை இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவளை எங்கள் இருவருக்கும் நடுவில்தான் படுக்கவைத்துக்கொண்டோம்.