ஒயின் வீட்டுக்குப் போன வேக்குவம் பம்ப்

ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் பைப்பில் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சித் தள்ளுவதுதான் எங்கள் தொழிலில் வேக்குவம் பம்புக்கு உள்ள ஒரே வேலை. அதைத் தூக்கிக்கொண்டு திராட்சை ஒயின் ஜாடிக்கு முன்னால் போய் உட்காருவேன் என்று தொழில் பழகிய நாளில் யாராவது சொல்லியிருந்தால், சண்டைக்கே போயிருப்பேன். ஏனென்றால் நான் குடிக்காதவன். என் வாப்பா குடிக்காதவர். சாரம் பகுதியில் எங்கள் கடை இருக்கிற வரிசையிலேயே வாழ்க்கையில் ஒரு சொட்டு தொடாதவர்கள் நானும் என் பார்ட்னர் முருகனும்தான் என்று நினைக்கிறேன். வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்க்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு வீட்டில் ஒரு உதவி செய்தால், அது ஒன்பது வீட்டுக்குப் பரவிவிடும்.

மதாமின் முதுகு

ரெஜினா மதாம் பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று கூப்பிட்டார். வேலை நடக்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறை மூலையில் இருபது லிட்டர் கண்ணாடி ஜாடி நிறைய ஒயின். கிறிஸ்துமஸுக்குப் போட்டது. அடியில் வண்டல் இறங்கியிருந்தது. மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு ஜாடிக்கு மாற்ற வேண்டும். ஆனால் மதாமுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது, ஜாடியைத் தூக்க முடியாது. "இது காத்தை மட்டும்தான் இழுக்குமா பாய்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் நான் விழுந்தேன்.

காலி ஜாடியின் வாயை இரண்டு ஓட்டை போட்ட ரப்பர் மூடியால் அடைத்தேன். ஒரு ஓட்டையிலிருந்து புது டியூப் ஒன்று ஒயினுக்குள் போனது. இன்னொன்றிலிருந்து ஒரு டியூப் பம்புக்கு. நடுவில் ஒரு ஊறுகாய் பாட்டிலை வைத்தேன், தப்பித் தவறி ஒயின் வந்தால் பம்புக்குள் போகாமல் அதில் விழட்டும் என்று. பம்பைப் போட்டதும் காலி ஜாடியில் காற்று குறைய, ஒயின் தானாக ஏறி வந்து அந்தப் பக்கம் விழ ஆரம்பித்தது. ஜாடி அசையவில்லை, வண்டலும் கலங்கவில்லை. மதாம் சிலுவை போட்டுக்கொண்டார். இவ்வளவு வருஷமும் டியூபை வாயில் வைத்து உறிஞ்சித்தான் மாற்றுவாராம். "ஒவ்வொரு தடவையும் வாயில ரெண்டு மடக்கு போயிடும் பாய். என் மகன் என்னைக் குடிகாரின்னு சொல்லிட்டுத் திரியிறான். இனிமே அந்தப் பேரு உங்க மெஷினுக்கு" என்றார்.

இளைத்த கேன்

அடுத்த அழைப்பு தவளக்குப்பத்திலிருந்து வந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற செல்வம், மதாமின் வீட்டுக்குக் காய்கறி கொண்டுபோய்க் கொடுக்கிறவர். அவர் ஒரு ஜாடியில் நாவல்பழ ஒயின் போட்டிருந்தார். மாற்றுவதற்கு வைத்திருந்தது தண்ணீர் வாங்குகிற பிளாஸ்டிக் கேன்.

"இது தாங்காதுண்ணே. உள்ள காத்து போயிட்டா, வெளிய இருக்கிற காத்து நசுக்கிடும். கண்ணாடிதான் வேணும். அதுவும் கெட்டியா, உருண்டையா" என்றேன். "எத்தினி கேன் தூக்கியிருக்கேன் பாய், எனக்குத் தெரியாதா? போடுங்க" என்றார். உங்களுக்கும் இப்படிப்பட்ட வாடிக்கையாளர் இருப்பார். பழுதைப் பார்க்க நம்மைக் கூப்பிடுவார், ஆனால் நாம் சொல்வதைக் கேட்க மாட்டார். போட்டேன். ஒரு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. செல்வம் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கேனின் இடுப்பு உள்ளே போய், மூடி பிடுங்கிக்கொண்டு, டியூபில் இருந்த ஒயின் அவர் பனியன் மேல் கோலம் போட்டது. நல்லவேளையாக ஜாடியில் இருந்தது தப்பித்தது. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிதானமாகச் சொன்னார்: "ஆறு மாசமா டயட்ல இருக்குற எங்க வூட்டுக்காரரவிட இந்தக் கேன் சீக்கிரம் இளைச்சிடுச்சு பாய்."

வெள்ளிக்கிழமை வாசனை

இது என் தப்பு, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கோரிமேட்டில் ஸ்டெல்லா என்று ஒரு நர்ஸ். அன்னாசிப் பழத்தில் ஒயின் போட்டிருந்தார். "நாக்குல சுருக்குன்னு குத்துதுண்ணா, உள்ள கேஸ் நிக்குது, எடுக்க முடியுமா?" என்றார். எடுக்கலாம். ஜாடிக்குள் வேக்குவம் வைத்தால் ஒயினில் கரைந்திருக்கிற கேஸ் குமிழ் குமிழாக வெளியே வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தேன். ஊறுகாய் பாட்டிலைக் கடையிலேயே விட்டுவிட்டேன். ஐந்து நிமிஷ வேலைதானே என்று நேராகவே மாட்டி, வால்வை முழுசாகத் திறந்தேன்.

நுரை பால் பொங்குவது மாதிரி பொங்கி, கழுத்தைத் தாண்டி, டியூபில் ஏறி, நான் ஸ்விட்சுக்குப் போவதற்குள் பம்புக்குள் இறங்கிவிட்டது. பம்ப் இரண்டு தடவை இருமி, எண்ணெயும் ஒயினுமாக என் சட்டை மேல் துப்பியது. வீட்டுக்கு ஓடினேன். வாசலில் சாயிரா, என் மனைவி. இருபத்திரண்டு வருஷ வாழ்க்கையில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. மூக்கைச் சுருக்கினாள். ஸ்டெல்லாவுக்கே போன் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. சாயிரா போனை வைத்துவிட்டு, சோப்பையும் துண்டையும் எடுத்து நீட்டினாள்.

மூன்று தடவை சோப்பு போட்டுக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு, பள்ளிவாசலில் கடைசி வரிசையில் போய் நின்றேன். தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது, பக்கத்தில் நின்றிருந்த ஜவுளிக்கடை ஹமீது பாய் என் காதருகே வந்தார். உயிர் போய்விட்டது. அவர் கேட்டார்: "நல்ல சென்ட்டா இருக்கே, அன்னாசிப் பழ வாசனை. எங்க வாங்குனீங்க?"

பம்பின் பழக்கம்

மறுநாள் பம்பை என் பார்ட்னர் முருகனிடம் கொடுத்தேன். இருவரும் ஒரே நாளில் தொழில் கற்றவர்கள், எனக்கு இருக்கிற பொறுமையில் பாதிகூட அவனுக்குக் கிடையாது. எண்ணெய் மோர் நிறமாகத் திரண்டிருந்தது. வடித்து, கழுவி, புது எண்ணெய் விட்டு ஓட்டி, மறுபடி வடித்து, மறுபடி ஓட்டி, மூன்றாவது தடவைதான் பழைய இழுப்பு வந்தது. அந்த ஒரு நாளும் இரண்டு ஏசி வேலை நின்றுபோனது. திட்டுவான் என்று காத்திருந்தேன். முருகன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ரெண்டு முதலாளியும் தொடாத கடையில இதுக்கு மட்டும் எப்படிப்பா இந்தப் பழக்கம் வந்துச்சு?"

மாடியும் கீழும்

ஒரே வீட்டில் அண்ணன் கீழே, தம்பி மாடியில். அண்ணன் பெயர் அருளப்பன், தம்பி சூசை. படிக்கட்டுக்கு யார் பெயிண்ட் அடிப்பது என்று ஆரம்பித்து, நான்கு வருஷமாகப் பேச்சு கிடையாது. இருவரும் அவர்களுடைய அம்மா போட்ட மாதிரியே ஒயின் போடுவார்கள், தனித்தனியாக. சூசை கூப்பிட்டுப் போயிருந்தேன். பாதி ஒயின் மாறியிருக்கும்போது மாடி மீட்டரில் பொசுங்கிய வாடை வந்து கரண்டு போனது. வால்வை மூடி, பம்பு எண்ணெய் ஒயின் பக்கம் போகாமல் காப்பாற்றினேன். ஆனால் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. அப்படியே காற்றுப் பட்டு நின்றால் புளித்துவிடும். லைன்மேன் சாயங்காலம்தான் வருவார். கீழே மட்டும் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நீங்க போய்க் கேளுங்க பாய். நான் கேக்கலன்னு சொல்லிக் கேளுங்க" என்றார் சூசை. அவர் முகத்தில் வேர்வை. இறங்கிப் போய்ச் சொன்னேன். அருளப்பன் பேப்பரை மடித்தார். நீளமான வயரை எடுத்து, கீழே சொருகி, இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். பம்ப் ஓடியது. ஒயின் இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அண்ணன் ஜாடியருகே குனிந்து மோந்தார். "பாய், பட்டை ஜாஸ்தி போட்டிருக்கான்னு சொல்லுங்க."

தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அம்மா போட்ட அளவுதான்னு சொல்லுங்க பாய்."

இருவருக்கும் நடுவில் ஒரு கையெட்டும் தூரம்தான். வேலை முடிந்தது. நான் வயரைச் சுருட்டப் போனேன். அருளப்பன் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுப் படியிறங்கினார். பாதிப் படியில் நின்று, திரும்பாமலே சொன்னார்: "பாய், வயரை நீங்க எடுத்துட்டு வர வேணாம். அவனே கொண்டாந்து குடுக்கணும்னு சொல்லுங்க."

இப்போதெல்லாம் ஒயின் என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஏசி என்று சொல்லிக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. அதனால் ஏசி ரிப்பேர் என்று யார் போன் செய்தாலும், 'உங்க வீட்ல ஏசி இருக்கா?' என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.