எல்கடுவையில் வாங்கிய பாக்குவெட்டி

இது கட்டுக்கதை இல்லை, நடந்தது. நம்பாதவர்கள் மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் போன் கடைக்குப் போய், தனுஷா என்று கேளுங்கள். போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருப்பாள். அவள் இடது கையைப் பாருங்கள். சுண்டுவிரல் முதல் கணுவோடு முடிந்திருக்கும். மெஷினில் மாட்டியதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவளுக்குக் கோபம் வரும். கேட்டவரைப் பார்த்தால் எனக்கும் வரும்.

தனுஷாவுக்கு அப்போது முப்பது வயது. கட்டியவன் அடித்த அடியில் இடது காதுச் சவ்வு கிழிந்து, அந்தக் காது அடியோடு கேட்காமல் போயிற்று. அன்றைக்கே கைக்குழந்தை டிலுக்ஷியைத் தூக்கிக்கொண்டு அக்கா கலாராணியின் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. மாதா மாதம் பௌர்ணமிக்குப் போயா லீவு வந்தால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தனியாக ஊர் சுற்றுவாள். போகிற ஊரிலெல்லாம் ஞாபகமாக ஒரு பாக்குவெட்டி வாங்குவாள். சீகிரியாவில் வாங்கியது பித்தளை மயில். நாலந்தாவில் வாங்கியது குதிரைத் தலை. ஒரு பாக்கைக்கூட வாயில் போடாதவளுக்கு அலுமாரி நிறையப் பாக்குவெட்டி.

“கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடப் போறியா?” என்று கலாராணி கேலி செய்வாள்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. அரை டேங்க் பெற்றோல், கடதாசியில் சுற்றிய, மீன் வைத்த இரண்டு மாலுபாண், ஒரு போத்தல் தண்ணீர். எங்கேயும் தங்குவதில்லை. எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருப்பாள். வாசலில் டிலுக்ஷி நிற்பாள். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து, ஹெல்மெட்டைக் கழற்றவும் விடாமல் அம்மாவின் காலைக் கட்டிக்கொள்வாள். அதற்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்று தனுஷா என்னிடம் சொன்னாள்.

அந்தப் போயாவுக்கு எல்கடுவ. உக்குவெல தாண்டி ஏறும்போதே மூடுபனி. பத்தடிக்கு அப்பால் தேயிலை தெரியவில்லை. சந்தியில் ஸக்கரியா நானாவின் தேத்தண்ணிக் கடை திறந்திருந்தது.

“பழைய பாக்குவெட்டியா? மேல் டிவிசன்ல கடைசி லயத்துல கேட்டுப் பாருங்க தங்கச்சி. வெத்தல போடுற ஆளுங்க அங்கதான் இருக்காங்க.”

மேலே ஏறினாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்தில் ஆள் அரவம் இல்லை. லீவு நாளில் ஒரு லயம் இப்படிக் கிடக்குமா? பாட்டுச் சத்தம் இல்லை. கோழி இல்லை. அடுப்புப் புகை இல்லை. கடைசிக் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில் மட்டும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடியில் வெற்றிலைத் தட்டு. கையில் இரும்புப் பாக்குவெட்டி. பிடியெல்லாம் துருவேறிக் கிடந்தது. வெட்டும் விளிம்பு மட்டும் நேற்றுத் தீட்டியது மாதிரிப் பளபளத்தது.

“வா புள்ள. இதுக்குத்தானே வந்த?”

தனுஷா இன்னும் வாயே திறக்கவில்லை.

டக்.

அந்தப் பெண் ஒரு பாக்கை வெட்டினாள். தனுஷா திடுக்கிட்டாள். சத்தம் அவளுடைய இடது காதில் கேட்டது... செத்துப்போன அந்தக் காதில்.

“ஒம் மேல கை வச்சவன் இருக்கானா?”

“இருந்தான் அக்கா.”

“புள்ள குட்டி?”

“ஒரு மக. நாலு வயசு.”

அந்தப் பெண் வெட்டிய பாக்கை வெற்றிலையில் வைத்து மடித்தாள். பாக்குவெட்டியையும் அதன் மேல் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

“காசு வேணாம். இனி ஒருத்தரு கையும் ஒம் மேல படாது. வெத்தலைய எடு.”

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டைப் பார்த்திருக்கலாம். ஆனால் லயத்து வீட்டில் நீட்டிய வெற்றிலையை மறுத்தால் அவர்களை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். வெற்றிலையை எடுத்தால் சொன்னதற்குச் சம்மதித்ததாகவும் ஆகிவிடும். தனுஷாவுக்கு முதலாவதுதான் ஞாபகம் வந்தது. எடுத்து வாயில் போட்டாள். பழக்கமில்லாதவள், துப்பத் தெரியாமல் பாக்கோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

பாக்குவெட்டியைப் பைக்குள் போட்டு, சிப்பை இழுத்து மூடிவிட்டுக் கிளம்பினாள்.

முதல் வளைவில் மரத்திலிருந்து ஒரு குரங்கு குதித்தது. மாலுபாண் வாசம் பிடித்திருக்க வேண்டும். பையைப் பற்ற வந்த கை அவள் தோளில் பட்டது.

டக்.

குரங்கு அலறிக்கொண்டு தேயிலைக்குள் விழுந்தது. தோளில் சூடாக ஏதோ வழிந்தது. தொட்டுப் பார்த்தாள். ரத்தம். அவளுக்குக் காயம் ஒன்றும் இல்லை. கீழே, கால் வைக்கும் இடத்தில், மயிர் முளைத்த ஒரு சின்ன விரல் கிடந்தது.

வேலிக் கம்பி கிழித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த வளைவில் வேலி இல்லை.

அடுத்த வளைவில் ஒருவன் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே போட்டுக்கொண்டு நின்றான். கிட்ட வரும்போதே சாராய நெடி. ஸ்கூட்டிச் சாவியைப் பிடுங்கி எறிந்தான்.

“தனியாவா சுத்துற?”

அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

டக். டக். டக். டக்.

அவன் கையைத் தூக்கிப் பார்த்தான். கட்டைவிரல் மட்டும் இருந்தது. பார்த்த பிறகுதான் கத்தினான். கத்திக்கொண்டே மற்றக் கையால் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தான். மறுபடியும் டக்... டக்... அவள் முகத்திலும் ஹெல்மெட்டிலும் ரத்தம் பீச்சியடித்தது. அவன் விரல் போன கைகளை நெஞ்சோடு இடுக்கிக்கொண்டு ரோட்டில் உருண்டான்.

பைக்குள் பாக்குவெட்டி அப்படியே இருந்தது. சிப் திறக்கவே இல்லை. சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். அந்த நேரத்தில் தனுஷாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. வேண்டும், நல்லா வேண்டும் என்று நினைத்தாள். சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கடையடியில் அவளைக் கண்டதும் ஸக்கரியா நானா பதறிக்கொண்டு எழும்பினார்.

“அல்லாஹ்வே... என்ன தங்கச்சி இவ்வளவு ரத்தம்? இப்பிடி உட்காருங்க.”

ஈரத் துணியோடு கையை நீட்டினார். முகத்தைத் துடைக்கத்தான்.

கிரீச்...

இடது காதுக்குள் பாக்குவெட்டி வாயைத் திறக்கும் சத்தம்.

“தொடாதீங்க நானா.”

பின்னால் துள்ளி, கடை வாங்குப் பெஞ்சோடு சேர்ந்து விழுந்தாள். துணியின் ஓரம் மட்டும் அவள் தோளில் உரசியது. டக். துணி இரண்டு துண்டாகக் கீழே விழுந்தது. நானாவின் விரலுக்கும் வெட்டுக்கும் நடுவில் ஓரங்குல இடைவெளி.

நல்லவன் கெட்டவன் பார்க்கிற ஆயுதம் இல்லை அது. ஒருத்தரு கையும் படாது என்றால்... ஒருத்தரு கையும்.

அப்போது போன் அடித்தது.

“அம்மா, வந்துட்டீங்களா? நான் வாசல் கேட்டுக்கிட்டயே நிக்கிறேன். ஓடி வந்து கட்டிப் புடிச்சிக்குவேன்.”

தனுஷா பையைப் பார்த்தாள். போனை வைத்தாள். பாக்குவெட்டியை எடுத்துக் கடைக்குப் பின்னால் ஓடும் ஓடையில் வீசினாள். நல்ல ஆழம். இரும்பு ‘குளுக்’ என்று போனது. கிரீச்... காதுக்குள் சத்தம் போகவில்லை.

“நானா, வாங்குன வெத்தலைய எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது?”

அவர் இரண்டு துண்டுத் துணியையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்.

“ஒங்க ஆளுங்க வழக்கத்துல, எடுத்தவங்கதான் திருப்பிக் குடுக்கணும். வேற ஆளு குடுக்க ஏலாது.”

தனுஷா ஸ்கூட்டியைத் திருப்பினாள். வளைவில் அந்த ஆள் இல்லை. ரத்தம் மட்டும் இருந்தது.

அந்தப் பெண் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பாக்குவெட்டி அவள் மடியில் கிடந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“வேணாம்க்கா. எடுத்துக்குங்க.”

“வெத்தல போகட்டும். பாக்கைக் குடு.”

“முழுங்கிட்டேன்.”

“அப்ப அந்த அளவுக்கு வேற ஏதாச்சும் குடு.”

அவள் கண் தனுஷாவின் விரல்களில் போய் நின்றது. சுண்டுவிரல் நுனி. ஒரு பாக்கு அளவுதான் இருக்கும்.

“நீயே வெட்டணும். ஒங் கையால.”

கையில் இருந்த போனைக் கீழே வைத்தாள். மணி 4.31.

விரலை வைத்தாள்.

எடுத்தாள்.

மகள் கேட்டடியில் நிற்கிறாள்...

வைத்தாள்.

கண்ணை மூடவில்லை. மூடினால் மற்ற விரலும் சேர்ந்து போய்விடும் என்ற பயம். அழுத்தினாள். தோல் போனது. சதை போனது. பாதியில் எலும்பு தடுத்தது.

பிடியை முழங்காலுக்கு அடியில் வைத்தாள். உடம்பை மொத்தமாக அதன் மேல் இறக்கினாள்.

டக்.

அந்தப் பெண் துண்டை எடுத்தாள். வெற்றிலையில் வைத்தாள். சுண்ணாம்பு தடவினாள். மடித்தாள்.

“சரி. நீ வேணாம்னுட்ட. வேணும்ங்கிறவங்களுக்குக் குடுத்துக்கிறேன்.”

தனுஷா ஒரு கையால் எப்படி ஸ்கூட்டி ஓட்டி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. ஸக்கரியா நானா கண்ணை மூடிக்கொண்டு, பிஸ்மி சொல்லி, தான் உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தைக் கிழித்து அவள் கையைக் கட்டினார். அவர் விரல் பட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் அவள் ஓவென்று அழுதாள். திரீவீலில் ஏற்றி மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான்.

தையல் போட்டு வாட்டில் படுக்க வைத்தார்கள். ஏழு மணிபோல் கலாராணி, டிலுக்ஷியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். தனுஷா எழும்பி உட்கார்ந்தாள். வலி மறந்துபோயிற்று. பிள்ளையை இனிக் கட்டிப்பிடிக்கலாம்.

வாசலில் அம்மாவைக் கண்டதும் டிலுக்ஷி பெரியம்மாவின் கையை உதறினாள். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டாள். மென்றுகொண்டே ஓடி வந்தாள். டொபியாக்கும் என்று தனுஷா நினைத்தாள்.

உதடு சிவந்திருந்தது.

“டிலுக்ஷி... நில்லு. வாயில என்ன?”

பிள்ளை கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றாள்.

“வெத்தல. யாரோ ஒரு பெரியம்மா வாசல் கேட்டுக்கிட்ட வந்து குடுத்தாங்க. அம்மாவக் கண்டதும் வாயில போடச் சொன்னாங்க.”

“கண்டவங்க குடுக்கிறத வாங்குவியா? துப்புடி,” என்று பின்னால் வந்த கலாராணி, பிள்ளையின் தாடையைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டாள்.

“அக்கா, விடுங்க...”

டக். டக்.

இரண்டு விரல். வாட்டில் இருந்த அத்தனை பேரும் அலறினார்கள். டிலுக்ஷி அழவில்லை. மென்றதை விழுங்கிவிட்டு, ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேட்டில் ஒரு பெண் நின்றதைக் கலாராணியும் சமைத்துக்கொண்டே குசினி ஜன்னலால் பார்த்திருக்கிறாள். பிச்சைக்காரி என்று நினைத்துச் சில்லறை எடுக்கப் போயிருக்கிறாள். திரும்பி வரும்போது ஆள் இல்லை. அது எத்தனை மணி என்று தனுஷா பிறகு கேட்டாள். கலாராணிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, அப்போதுதான் டீவியில் நாலரை நிகழ்ச்சி தொடங்கியிருந்ததாம். எல்கடுவையிலிருந்து மாத்தளைக்கு ஸ்கூட்டியில் ஒரு மணித்தியாலம் பிடிக்கும்.

தனுஷா மறுபடியும் போனாள். ஒவ்வொரு போயாவுக்கும் போனாள். அந்தப் பெண் இஸ்தோப்பில் இருப்பாள். என் விரல் பத்தையும் எடுத்துக்கொள் என்று காலில் விழுந்து கதறியிருக்கிறாள். ஒரே பதில்தான்.

“எடுத்தவதான் குடுக்கணும். புள்ளையக் கூட்டிக்கிட்டு வா.”

டிலுக்ஷிக்கு இப்போது ஆறு வயது. தானே குளிக்கிறாள். தானே தலை வாரிக்கொள்கிறாள். காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைக்க ஆள் இல்லை. விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை. இரண்டு வருஷமாக ஒரு மனிதக் கை அந்தப் பிள்ளை மேல் படவில்லை.

போன கிழமை தனுஷா சமைத்துக்கொண்டிருந்தபோது பிள்ளை வந்து, எட்டி நின்று, தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டியிருக்கிறாள்.

“அம்மா, எந்த விரல் குடுக்கணும்?”