உட்காராமல் வாங்கிய சோபா

"ஒரு தடவை உக்காந்து பாருங்க சார்" என்று கடைப்பெண் கெஞ்சாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி உட்காருவதாக இல்லை. வந்தவர்களெல்லாம் சோபாக்களில் விழுந்து, சாய்ந்து, காலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு, பரீட்சை ஹாலில் சுற்றிவரும் வாத்தியார் மாதிரி நின்றபடியே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்.

"நாங்க சாமான்ல உக்கார மாட்டோம்மா. தொழில் பழக்கம்" என்றார்.

அது பொய் இல்லை. வீடு மாற்றுகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கும் கூட்டத்துக்கு அவர்தான் மேஸ்திரி. அடுத்தவர் சோபாவைத் தூக்கலாம், துடைக்கலாம், மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டால் வாய்க்கு வந்தபடி திட்டலாம். உட்காரக் கூடாது. அவருடைய சொந்த மைத்துனன் ஒருநாள் களைப்பு தாங்காமல் யாரோ ஒரு டாக்டர் வீட்டுச் சோபாவின் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கே அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்றுபோய், மறுபடி ஒட்டுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அப்படிப்பட்ட மனுஷன்.

ஆனால் இன்று அவர் உட்காராததற்குக் காரணம் அது மட்டுமல்ல. அவருக்குப் பயம். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியுமா என்ற பயம்.

முதுகில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். இத்தனை வருஷம் ஊரார் பீரோவையெல்லாம் தாங்கிய முதுகு, ஒருநாள் காலையில் செருப்பை எடுக்கக் குனிந்தபோது கைவிட்டுவிட்டது. "இனிமே எதையும் தூக்காதீங்க. குனியாதீங்க. உக்காந்த இடத்திலேர்ந்து வெடுக்குன்னு எழுந்திரிக்காதீங்க. முதுகு ஒரு வெட்டு வெட்டி இழுத்தா கால் விளங்காம போயிடும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கட்டிலிலிருந்து எழுப்புவதும் நாற்காலியிலிருந்து கைகொடுத்து நிறுத்துவதும் மனைவிதான். ஒரு பெரிய ஹோட்டலின் துணி வெளுக்கும் பிரிவில் இஸ்திரி போடுகிறவளாகச் சேர்ந்து, கை காய்த்துப்போக உழைத்து, போன வருஷம்தான் அங்கே சூப்பர்வைசர் ஆனவள். லீவு முடிந்து திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

"நீங்களா எழுந்திரிக்கணும். இல்லைன்னா நான் வேலையை விட்டுடறேன். தனியா விட்டுட்டுப் போய் அங்க என் மனசு நிக்காது" என்று அவள் ஒரே போடாகப் போட்டுவிட்டாள். சொன்னால் செய்கிறவள் அவள். வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியும் போன வாரம் கால் விரிந்துபோய்விட்டது. விலை கூட ஆனாலும் பரவாயில்லை, நல்ல சோபாவாக ஒன்று வாங்கிவிடலாம் என்று இருவரும் கிளம்பி வந்தது அதனால்தான்.

"உக்காருங்களேன்" என்றாள் அவளும்.

இத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் தத்தளித்து, அதை அவள் பார்த்துவிட்டால்? மறுநாளே ராஜினாமாதான். மேஸ்திரி நின்ற இடத்திலேயே நின்றார். வாயை மட்டும் பெரிதாக்கினார்.

"உக்காந்து பார்த்து வாங்குறவன் ஏமாளி. சோபாவோட யோக்கியதை எல்லாம் அடியிலதான் இருக்கு. நீ அந்த முன்காலை ஒரு சாண் தூக்கு."

பாவம், அவள் தூக்கினாள். "அடுத்த கால் கூடவே எழும்புதா?"

"எழும்புது."

"அப்ப சட்டம் முறுக்கலை. டார்ச்சைப் போட்டு அடியில பாரு. மூலையில முக்கோணமா கட்டை வச்சிருக்கானா?"

அவள் கடையின் பளபளத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, போன் டார்ச்சை அடித்தாள். அடியில் தைத்திருந்த கறுப்புத் துணியின் ஓரத்தைக் கடைப்பெண் மிரண்டுபோய் விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வச்சிருக்கான்."

"ஸ்க்ரூவா, வெறும் பின்னா?"

"ஸ்க்ரூங்க. எனக்குத் தும்மல் வருது, எழுந்துக்கவா?"

இப்படியே ஏழெட்டுச் சோபாக்களுக்கு அடியில் அவளைப் படுக்கவைத்துக் கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சாம்பல் நிறம், புது மாதிரி, மூன்று பேர் உட்காரலாம். நல்ல வைரம் பாய்ந்த மரத்தில் சட்டம். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், மலை மாதிரி நின்றது. விலை, பக்கத்துச் சோபாவைவிட இரண்டு மடங்கு. அவள்தான் ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, "நல்லா சுகமா இருக்குங்க" என்றாள். ஊதினால் பறக்கிற உடம்பு அவளுக்கு. அவள் உட்கார்ந்தது அந்த மெத்தைக்கே தெரிந்திருக்காது. மேஸ்திரியோ மூட்டை மூட்டையாகத் தூக்கியே உரம் ஏறிய ஆள். ஆனால் இதை யார் யோசித்தது? அடியை மட்டும் பார்த்துப் பார்த்தே பழகிய கண் மேலே பார்க்குமா!

ஞாயிற்றுக்கிழமை மாலை சோபா இரண்டாவது மாடிக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர்களை மேஸ்திரி மேலிருந்து விரட்டிய விரட்டலில், "இவரு யாருடா நம்ம முதலாளியா?" என்று அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். கதவைச் சாத்தியதும் அவள் கேட்டாள். "எங்க, உக்காந்து எழுந்திரிங்க பார்ப்போம்."

"படி ஏறினதுல இடுப்பு ஒரு மாதிரி இருக்கு. காலையில பார்த்துக்கலாம்."

காலையில் அவள் குளித்துவிட்டு வந்து மறுபடி கேட்டாள். மேஸ்திரி கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார். "நீ குளிக்கப் போனப்பவே உக்காந்து எழுந்துட்டேன். ஜம்முன்னு இருக்கு."

"நிஜமாவா?"

"உன் மேல சத்தியமா."

பெண்டாட்டி மேல் பொய்ச் சத்தியம்! சொன்ன வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. அவளோ முகம் மலர்ந்துபோய், இட்லித் துணியைப் பிழிவது மாதிரி மனசிலிருந்த கவலையையெல்லாம் ஒரு பெருமூச்சில் பிழிந்து விட்டுவிட்டு, யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மேஸ்திரி நின்றார். நடந்தார். சுவரில் சாய்ந்தார். ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார், திரும்பி வந்து சமையலறைக் குழாயை இறுக்கினார். சாயங்காலம் வரை நின்றே ஓட்டிவிடலாம் என்பது கணக்கு. முட்டாள்தனமான கணக்கு! கட்டிலும் தாழ்வு, அவள் இல்லாமல் அதிலிருந்தும் எழ முடியாது. பத்து மணிக்குள் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. விழுவதற்கு உட்காருவதே மேல் என்று பட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

இறங்கினார், இறங்கினார், இறங்கிக்கொண்டே இருந்தார். மெத்தை அவரை உள்ளே வாங்கிக்கொண்டது. கடைசியில் பார்த்தால் முழங்கால் மேலே, இடுப்பு கீழே. முதுகு எங்கோ பின்னால் போய்ப் புதைந்திருந்தது. "ஐயையோ" என்று வாய்விட்டுச் சொன்னார்.

கையை ஊன்றி ஒரு எம்பு எம்பினார். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சுளீரென்று ஒரு மின்னல். அப்படியே உறைந்துபோனார். கால் விரல்களை அசைத்துப் பார்த்தார். அசைந்தன. கடவுளே, அசைந்தன.

அப்போதுதான் போன் அடித்தது. போன் ஜன்னல் திண்டில் இருந்தது.

அவள்தான். டீ நேரம். அடித்து அடித்து நின்றது. உடனே மறுபடி அடித்தது. மேஸ்திரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார், கை எட்டினால்தானே? மூன்றாவது முறையும் முழுசாக அடித்து ஓய்ந்தபோது, அங்கே என்ன நடக்கும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. மேனேஜர் முன்னால் போய் நிற்பாள். "இனிமே என்னால வர முடியாதுங்க" என்று சொல்லிவிடுவாள். பஸ் பிடித்து வந்துவிடுவாள். வந்து இந்தக் கோலத்தைப் பார்ப்பாள். அவ்வளவுதான், அத்தனை வருஷ உழைப்பும் போச்சு.

பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் வருவார். வந்தவர் ஆர்வக்கோளாறில் ஒரு வெடுக்கு இழுத்தால் கால் போகும். இழுக்காவிட்டாலும் அவருக்கு வாய் சும்மா இருக்காது, அவள் படியேறும்போதே சொல்லிவிடுவார். வேண்டாம்.

இன்னொரு தடவை எம்பினார். மறுபடி சுளீர். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த நிமிஷம் கோபம் வந்தது பாருங்கள், அதுதான் அவரைக் காப்பாற்றியது. "அறிவு இருக்காடா உனக்கு?" என்று தன்னைத்தானே கேட்டார். "பீரோ மூலையில மாட்டிக்கிட்டா இப்படித்தான் மல்லுக்கட்டி இழுப்பியா?"

கனமான பீரோவை யாரும் இழுப்பதில்லை, நடத்துவார்கள். ஒரு மூலையில் பாரத்தைச் சாய்த்துவிட்டு மறுமூலையை நாலு விரல் முன்னால் தள்ளுவது, பிறகு அந்த மூலையில் சாய்த்து இந்த மூலையைத் தள்ளுவது. "நடத்து" என்று மேஸ்திரி குரல் கொடுத்தால், எப்பேர்ப்பட்ட பீரோவும் சமர்த்தாக வாசல் வரை வந்துவிடும். இங்கே பீரோவும் அவர்தான், ஆளும் அவர்தான்.

"வலது பக்கம் சாயி. இடதை நடத்து." இடது இடுப்பு கொஞ்சம் முன்னால் வந்தது. "இடது சாயி. வலதை நடத்து." மூச்சு வாங்கியது. சட்டை நனைந்தது. நாலு விரல் முன்னேறினால் இரண்டு விரல் மெத்தை பின்னால் இழுத்தது. "விடாதே. நடத்து." தெருவில் ஒரு பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. அதுவா? இல்லை, கிளம்பிப் போய்விட்டது. "நடத்துடா!"

தொடைக்கு அடியில் கடைசியாகக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. முன் சட்டம். மரம்! அதில் உட்கார்ந்து, பாதங்களைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் முன்னால் சாய்ந்தார். இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றினார். மொத்தப் பாரமும் அதில் இறங்கியது. மலிவுச் சோபாவாக இருந்தால் அந்த இடத்திலேயே கைப்பிடி கழன்று கையோடு வந்திருக்கும். இது முனகக்கூட இல்லை. "ஒரே மூச்சு. தூக்கு!"

நின்றார். நின்றுவிட்டார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் இளைத்துக்கொண்டிருந்தபோதே சாவி திரும்பியது. அவள் உள்ளே வந்து விழாத குறை.

"போனை ஏன் எடுக்கலை? செத்துப் போயிட்டீங்கன்னு நினைச்சேன், தெரியுமா? வழியெல்லாம் அழுதுகிட்டே வந்தேன்!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே வந்தவள் அவர் சட்டையைப் பார்த்தாள், நடுங்கும் காலைப் பார்த்தாள், சோபாவில் பள்ளமாகிக் கிடந்த மெத்தையைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "காலையில உக்காரவே இல்லை. அப்படித்தானே?"

"ஆமா. கடையிலயும் பயந்துதான் உக்காரலை. எழுந்திரிக்க முடியாம போயி, நீ வேலையை விட்டுட்டா? அதைப் பார்த்துகிட்டு நான் எப்படி இருப்பேன்?"

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "விட்டுடறேன்னு சொல்லத்தான் போனேன். மேனேஜர் யார்கிட்டயோ பேசிட்டிருந்தார். நிக்கப் பொறுக்காம ஓடி வந்துட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உக்காருங்க."

"இப்பவா?"

"இப்பவேதான். என் கண்ணால பார்க்கணும்."

மேஸ்திரி உட்கார்ந்தார். புதைந்தார். அவள் கை தானாக நீண்டது.

"கையை எடு" என்றார்.

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் நடத்த ஆரம்பித்தார். வலது, இடது. முதல் தடவையே சக்தியெல்லாம் போயிருந்தது. பாதியில் முகம் வெளிறி, மேலே நகர முடியாமல் ஓய்ந்துவிட்டார். அவளுக்கு உயிரே இல்லை.

"போதும்ங்க. எனக்கு அந்த வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"பாதி வழியில நிக்கிற சாமான்கிட்ட பேச்சுக் கொடுக்காதே" என்று அதட்டினார் மேஸ்திரி. பல்லைக் கடித்துக்கொண்டு விளிம்பு வரை வந்தார். கைப்பிடியை ஊன்றினார். அவர் எழுந்து நிமிர்ந்தபோது, அவள் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்க்கவே மறந்துபோய் அப்படியே நின்றாள்.

"சாயங்காலம் வரும்போது மெத்தைக்கு அடியில போட ஒரு பலகை அறுத்து வாங்கிட்டு வா. காலுக்கும் நாலு கட்டை வேணும். இன்னும் ஒரு சாண் உசரணும்."

"கடையிலேயே உக்காந்து பார்த்திருந்தா இந்த வேலையே இல்லை."

"உக்காந்து பார்த்திருந்தா இதை வாங்கியிருக்கவே மாட்டோம்."

"அதைத்தானே நானும் சொல்றேன்!" என்றவள் அழுகையோடு சிரித்துவிட்டாள். மணியைப் பார்த்தாள். போனை எடுத்து வந்து அவர் சட்டைப் பையில் திணித்து, மேலே இரண்டு தட்டுத் தட்டினாள். "மத்தியான வேலைக்காவது போயிடறேன்."

கதவு சாத்திக்கொண்டது. படியிறங்கும் சத்தம் கேட்டது. முதல் திருப்பத்தில் அது நின்றது. மேஸ்திரி கதவைப் பார்த்தார். திரும்பி வந்துவிடுவாளோ? கூப்பிட்டு ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தார், சொல்லவில்லை. வெகு நேரம் மாதிரி இருந்தது. பிறகு செருப்புச் சத்தம் மறுபடி கிளம்பி, கீழே, இன்னும் கீழே போய், தெருச் சத்தத்தோடு கலந்துவிட்டது.

மேஸ்திரி போய்ச் சோபாவில் உட்கார்ந்தார்.