சினாசோங்வே வரை நீளும் கம்பி

மழைக்காலத்தில் எங்காவது மின்கம்பம் சாய்ந்தால், அதற்கு அப்பால் யார் யார் இருட்டில் இருக்கிறார்கள் என்று முதின்டா ஹமூங்காவின் நிரல் சொல்லிவிடும். ஒரு கம்பம் அடுத்த கம்பத்தைக் கேட்கும், அது தனக்கு அடுத்ததைக் கேட்கும். தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் ரிகர்ஷன் முறை. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த நிரலைக் காட்டியபோது தலைநகர் லுசாகாவின் மின்வாரிய அலுவலகமே கைதட்டியது. சோமா ஊரின் ரயில்வே தொழிலாளி மகள் அவள். அந்தப் பிரிவில் நிரல் எழுத வந்த முதல் பெண்.

டிசம்பரில், சோமா இருக்கும் தெற்கு மாகாணத்தையும் அவளிடம் கொடுத்தார்கள். முதல் பெருமழையிலேயே சினாசோங்வே போகும் கம்பி இரண்டு கிளைகளில் அறுந்தது. பழுதுபார்க்க இருந்ததோ ஒரே வண்டி. எந்தக் கிளைக்கு முதலில் போவது?

நிரலை ஓடவிட்டாள். பாதியில் நின்றது. மறுபடி ஓடவிட்டாள், மறுபடியும் நின்றது.

பக்கத்து மேசை லிகாண்டோ எட்டிப் பார்த்தான். "என்ன முதின்டா, சொந்த ஊர்ப் பக்கம் போனதும் டோங்கா மாடு மாதிரி படுத்துக்கிச்சா?"

மீன்பிடிக்கும் லோசி இனத்தவரும் மாடு வளர்க்கும் டோங்கா இனத்தவரும் ஒருவரையொருவர் கேலி செய்யாவிட்டால்தான் அதிசயம்.

"நீ போய் உன் மீனுல முள்ளு எடு, போ!" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காரணம் பிடிபட்டது. நகரத்தில் கிளைகள் அதிகம், ஆனால் குட்டை. இங்கே ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரக்கணக்கில் கம்பங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததன் பதிலுக்காகக் காத்துக்கிடந்ததில் நினைவகம் நிரம்பிவிட்டது.

மேலாளர் சிலுஃப்யா, மரியாதைக்கு எல்லோருக்கும் 'பா சிலுஃப்யா', வந்து நின்றார். "மெமரி அளவைக் கொஞ்சம் கூட்டி விடும்மா, ஓடிரும்."

"இன்னைக்கு ஓடும், பா சிலுஃப்யா. சினாசோங்வே ஏரிக்கரை ஓரமா இன்னும் கம்பம் நடப் போறாங்க. அப்ப திரும்பப் படுத்துக்கும். லூப்பா மாத்தி எழுதிடுறேன்."

"அத்தனை பேர் கைதட்டின புரோகிராமாச்சே, மனசு வருதா?"

"அழகுக்குக் கைதட்டினாங்க. இப்ப அங்க கரன்ட் இல்லையே!"

பார்க்க வேண்டிய கம்பங்களை வரிசையில் நிறுத்தினாள். ஒன்றை எடு, பார், அதற்கு அடுத்தவற்றை வரிசையில் சேர், வரிசை தீரும்வரை சுற்று. அழகு குறைவு, நீளம் அதிகம். புதிய நிரலை முதலில் லுசாகா கம்பங்களுக்கு ஓட்டிப் பார்த்தாள். பழைய விடையே வந்தது. பிறகு சினாசோங்வே. ஒரு கிளையில் பருத்திக் கிடங்குகள். மற்றதன் கடைசியில் பிரசவ விடுதியோடு ஒரு சுகாதார நிலையம்.

வண்டி அங்கே திரும்பியது. மதியம் தாண்டியதும் அங்கிருந்த தாதியிடமிருந்து போன் வந்தது: "கரன்ட் வந்துருச்சு! தடுப்பூசிப் பெட்டி இன்னும் சில்லுன்னுதான் இருக்கு!" பா சிலுஃப்யா ஒலிபெருக்கியைப் போட்டு எல்லோரையும் கேட்க வைத்தார்.

"பழசை அழிச்சிட்டியா?" என்றான் லிகாண்டோ.

"எதுக்கு அழிக்கணும்? துணைமின்நிலையத்துக்குள்ள நாலஞ்சு அடுக்குதான். அங்க அதுதான் படிக்கவும் சுலபம், திருத்தவும் சுலபம்."

அதுவரை எந்த நிரலிலும் அவள் பெயர் போட்டதில்லை. அன்று புதிய நிரலின் தலையில், அப்பா பெயரையும் சேர்த்து, முழுப்பெயராக எழுதினாள்.