பதினான்காம் பக்கம்

என் தங்கை சட்டைத் தொழிற்சாலையில் செக்கர். தையல் விட்ட பொத்தான் காஜாவை நான்கடி தள்ளி நின்றே கண்டுபிடிப்பாள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அப்படிப்பட்டவளிடம் மூன்று வாரம் ஒரு காகிதத்தை ஒளித்து வைத்தேன். அந்த வெட்கக்கேட்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், மருந்து எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டாள். போன வருடம் இடுப்புக்கு மேலே விடாத வலி. ஸ்கேன் முடிவு வந்த அன்று டாக்டர் அவளை நாற்காலியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

"முதுகெலும்புல பரவியிருக்கு. அவங்ககிட்ட இப்ப சொல்லாதீங்க, ஒடஞ்சு போயிடுவாங்க."

யாருடைய முதுகெலும்பு? இன்று கேட்கிறேன். அன்று, எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு வெள்ளைக் கோட்டின் முன்னால் தலையாட்டத்தான் தெரிந்தது. "நின்னு நின்னு வேலை பாக்குற வலிதானாம்" என்று அவளிடம் வந்து புளுகினேன். புது மாத்திரையைச் சத்து மாத்திரை என்றேன்.

நான் கிடங்கில் இருப்பு எழுதுகிறவன். அவளுடைய ஆஸ்பத்திரிக் காகிதம் எது வந்தாலும் மூலையில் எண் போட்டுத்தான் ஃபைலில் வைப்பேன். ஸ்கேன் அறிக்கைக்கும் 14 என்று போட்டிருந்தேன். அதைத்தான் உருவி என் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஃபைலைப் புரட்டினாள்.

"அண்ணா, பதிமூணுக்கு அப்புறம் பதினஞ்சு வருது."

"எண்ணும்போது விட்டிருப்பேன்."

"நீயா? முன்னால போற லாரிக்கு எத்தனை சக்கரம்னு எண்ணிட்டே வண்டி ஓட்டுறவன் நீ. எடு அதை."

எடுத்துக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். அழவில்லை.

"மூணு வாரமா இந்த முதுகை வச்சுக்கிட்டு சட்டைக் கட்டு தூக்கியிருக்கேன், அண்ணா."

எலும்பு முறிந்திருந்தால் யார் வந்து பதில் சொல்லியிருப்பார்கள்?

மறுவாரம் டாக்டர் மேசையில் அந்தப் பக்கத்தை விரித்துவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். எலும்பில் இருந்தாலும் அது மார்பகப் புற்றுநோய்தான். முழுக்கப் போகாது, ஆனால் மருந்தால் பிடித்து நிறுத்தப் பார்க்கலாம். கனமாக எதையும் தூக்கக் கூடாது. கால் திடீரென்று மரத்தாலோ சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ உடனே ஓடி வர வேண்டும். இத்தனையும் அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியவை. மறைத்ததற்குப் பெயர் கருணையாம்!

அதன் பிறகு ஊசி போடும் வியாழக்கிழமைகளில், சட்டை மடிப்புக்குள் வைக்கிற அட்டைகளில் வீணானவற்றைத் தொழிற்சாலையில் கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். காத்திருக்கும் பெண்களிடம் ஆளுக்கொன்று கொடுத்து, டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுத வைப்பாள்.

"என் விஷயமெல்லாம் என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்" என்றாள் ஒருத்தி.

"ஊசியும் அவருக்கேவா போடறாங்க?"

பெஞ்சே குலுங்கியது. அந்தப் பெண் சிரித்து முடித்துவிட்டு அட்டையை வாங்கிக்கொண்டாள்.

நர்ஸ் வந்து அதட்டினார். "இங்க கூட்டம் போடாதீங்க. எல்லாரையும் பயமுறுத்தறீங்க."

"பயம் எங்களுக்கு முன்னாடியே வந்தாச்சு, சிஸ்டர். விவரம்தான் இன்னும் வரல."

அட்டையை யாரும் உள்ளே வைக்கவில்லை.

சென்ற மாதம் மறுபடி ஸ்கேன். டாக்டர் பார்த்துவிட்டு, பழைய வழக்கப்படி என்னைப் பார்த்துக் கதவைக் காட்டினார். "நீங்க கொஞ்சம் வெளிய வாங்க."

நான் எழுந்திருக்கவில்லை.

"நோய் அவளுக்கு, சார். அவகிட்டயே சொல்லுங்க."

தங்கை அட்டையை எடுத்து மடியில் வைத்தாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். இடுப்பெலும்பில் புதிதாக ஒரு இடம். மருந்தை மாற்ற வேண்டும். அவள் ஏழு கேள்வி கேட்டாள். ஏழுக்கும் பதில் வாங்கினாள்.

வெளியே வந்ததும் அறிக்கையை என்னிடம் நீட்டினாள்.

"நம்பர் போடு."

31 என்று போட்டேன். மை காயும்வரை பார்த்துக்கொண்டே நின்றவள், ஃபைலை என் கையிலிருந்து வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.