பாதி கடித்த உருண்டைகள்

அந்த வீட்டில் ஒரு பொருளை ஒழுங்காக ஒளித்து வைக்கத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. சித்தப்பாவுக்கு அவர்கள் மேல் இருந்த இளக்காரங்களில் இதுவே தலையாயது.

சித்தப்பா செய்கிற ஓட்ஸ் உருண்டை வாய்க்குப் பிடிக்கவில்லை, சரி. வாய் அவரவர் வாய். ஆனால் உருண்டை பிடிக்கிறவனே வீட்டையும் பெருக்குகிறான் என்று தெரிந்துகொண்டே, அதை சோபாவுக்கு அடியில் உருட்டிவிடுகிறவர்களை என்னவென்று சொல்வது? திருடப் போன வீட்டில் செருப்பை மறந்து வைத்துவிட்டு வருகிற ஜாதி.

அவர் உண்மையில் அண்ணன் மகள் ஒருத்திக்குத்தான் சித்தப்பா. அவள் வைத்த பட்டப்பெயரால் தெருவுக்கே 'சுத்தம் சித்தப்பா' ஆகிவிட்டார். அந்தப் பெயரில் வம்பு இருந்தது. தரை பளபளத்தாலும் சுத்தம்தான், காரியம் குட்டிச்சுவரானாலும் கையை விரித்து "சுத்தம்!" என்கிறோம். தன்னை எந்தச் சுத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது போல் இருப்பது தன் பெருந்தன்மை என்று அவருக்கு ஒரு நினைப்பு.

முன்பு செருப்புக் கடையில் வேலை. இளமை முழுவதும் ஊராரின் காலடியில் குந்தி உட்கார்ந்தே போனது. பெரிய மனிதர்கள் என்று ஊர் எழுந்து நிற்கிறவர்களின் கிழிந்த காலுறைகளைப் பார்த்துப் பார்த்து, முகம் பார்த்து மரியாதை தருகிற பழக்கமே அவருக்கு விட்டுப்போயிற்று. கல்யாணம் பேச்சளவில் நின்றது. ஒருநாள் கடையும் நின்றது. "ரெண்டு வாரம் இருந்துட்டுப் போறேண்ணே" என்று ஒரு பெட்டியோடு வந்தவர், பெட்டியைப் பரணில் ஏற்றினார். அது இறங்கவே இல்லை.

அண்ணன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். ஊரையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவருக்குத் தன் ரத்த அழுத்தத்தைப் பார்க்க நேரமில்லை. அண்ணி கண் கிளினிக்கில் வரவேற்பு மேசை. நாள் முழுவதும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு மிச்சம் வைக்காமல் வருவார். மகள் பள்ளிக்கூடம் முடிக்கிற வருடம், அதனால் ஒரு டம்ளரைக் கழுவினால்கூட மதிப்பெண் குறைந்துவிடும். சித்தப்பா வந்த புதிதில் அந்த வீட்டுப் பாத்திரத் தொட்டியில் மூன்று வேளைச் சாப்பாடு ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். குளிர்பெட்டிக் கதவின் ரப்பர் மடிப்புக்குள் கறுப்பாக ஏதோ குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

ரத்த அழுத்தம் ஏறிப்போனதற்கு அண்ணனை டாக்டர் பிடித்துத் திட்டிய அன்று அண்ணி அறிவித்தார்: "இனிமே இந்த வாசப்படி தாண்டி ஒரு பாக்கெட் உள்ள வரக் கூடாது. சிப்ஸ், மிக்சர், பிஸ்கட் ஒண்ணும் கிடையாது. எல்லாம் வீட்லயே செய்யணும்."

அறிவித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். 'செய்யணும்' என்ற சொல்லுக்கு ஓர் ஆள் வேண்டுமல்லவா? சமையலறையில் நின்றுகொண்டிருந்தது சித்தப்பா மட்டும்தான்.

அவர் இறங்கினார். வினிகரும் சமையல் சோடாவும் போட்டுத் தொட்டியை நுரைக்க விட்டார். பழைய பல் பிரஷ்ஷால் ரப்பர் மடிப்புக் குடும்பத்தைக் காலி செய்தார். ஜன்னல் கண்ணாடியைச் செய்தித்தாளால் தேய்த்தார். எதிர்வீட்டுக்காரர் என்ன துணி காயப்போட்டிருக்கிறார் என்பதுவரை தெரிந்தது. பிறகு ஓட்ஸை வறுத்து, பேரீச்சம்பழத்தை இஞ்சியோடு அரைத்து, வேர்க்கடலையை ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டு உருண்டை பிடித்தார். எண்ணெய் கிடையாது, சர்க்கரை கிடையாது, உப்பு கிடையாது. ருசி மட்டும் இருந்துவிடுமா?

முதல் உருண்டையை வாயில் போட்ட அண்ணன் அதை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"இருக்குடா."

அதோடு சரி. அடுத்த நாளிலிருந்து உருண்டைகள் வீடு முழுக்கப் பரவின.

அண்ணன் மழைக்காலப் பூட்ஸுக்குள் போடுவார். முழுசாக, பல் படாமல். முயற்சிகூடச் செய்யாத சோம்பேறி. மகள் ஒரு கடி கடித்துவிட்டு, புத்தக அலமாரிக்குப் பின்னால் தள்ளுவாள். ஒருமுறை சதுரங்கப் பலகையில் தொலைந்துபோன சிப்பாய்க்குப் பதிலாக நிறுத்தி வைத்திருந்தாள். அதை மட்டும் சித்தப்பா குப்பையில் போடவில்லை. சுற்றித் துடைத்துவிட்டு, கறுப்புக் குதிரையை நகர்த்தி அந்த உருண்டையை வெட்டி, பலகையோரம் வைத்துவிட்டுப் போனார். அவள் பார்த்தாளா இல்லையா, தெரியாது.

பெருக்கும்போது கிடைத்த ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். இந்த வீட்டில் வாயால் யாரும் உண்மை சொல்வதில்லை, பல்லால் சொல்கிறார்கள். கடி ஆழமாக இருந்தால் முந்தின தடவையைவிடத் தேவலாம். ஓரத்தில் சுரண்டியிருந்தால் இஞ்சி அதிகம். இப்படியே இஞ்சியைக் குறைத்தார், கடலையைக் கூட்டினார், எள் வறுத்துப் போட்டார். மகளின் கடி ஒன்றிலிருந்து ஒன்றரை ஆயிற்று. சித்தப்பா இதைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் சண்டை வரும். சண்டை வந்தால் பரணில் இருக்கிற பெட்டி எல்லோருக்கும் நினைவு வரும்.

அண்ணியின் உருண்டைகள் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. ஒருவேளை தின்கிறாரோ என்று ஒரு நப்பாசை. கொஞ்ச நாள் அந்த நப்பாசையிலேயே ஓடியது.

பெட்டிப் பேச்சு வரத்தான் செய்தது. ஒரு காலை, குளியலறைச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணியின் குரல் கேட்டது.

"என் வீட்ல நான் நிம்மதியா ஒரு வாய் திங்க முடியல. எங்க போனாலும் பின்னாடியே துடைப்பத்தோட வர்றாரு. உங்க அக்காகிட்ட பேசிட்டேன். அவங்க அட்டைப்பெட்டிக் குடோனுக்கு ஆள் வேணுமாம், அங்கேயே தங்கிக்கலாம். ஞாயித்துக்கிழமை பஸ்ஸு."

"அவன்கிட்ட யாரு சொல்றது?"

"உங்க தம்பிதானே? நீங்கதான்."

அண்ணன் சொல்லவில்லை. இரண்டு நாள் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சுற்றினார். அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு சைரன் போட்டுப் பறக்கிற மனுஷன், சொந்த வீட்டில் ஒரு வாக்கியத்தைத் தூக்க முடியாமல் நின்றார். கோழை. சித்தப்பாவுக்கு அக்கா வீடு தெரியும். அங்கே அடுப்பு அக்காவுடையது. ஓர் ஆண் பிள்ளை கரண்டியைத் தொட்டால் வீடே சிரிக்கும். குடோனில் அட்டையோடு அட்டையாகக் கிடக்கலாம். போக மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கெஞ்சுவதற்கு இவர்கள் யார்? பூட்ஸுக்குள் உருண்டை போடுகிறவர்கள்.

சனிக்கிழமை காலையில் எறும்பு வந்தது.

கூடத்தின் ஓரமாகக் கோடு போட்ட மாதிரி ஒரு வரிசை. அண்ணி பிடித்துக்கொண்டார். "சுத்தம் சுத்தம்னு பேரு மட்டும்தான். பாருங்க லட்சணத்த! நாளெல்லாம் தேய்க்கிறாராம், வீடு பூரா எறும்பு!"

"எங்கேர்ந்து வருதுன்னு பாத்துடுவோம்" என்று அண்ணன் குனிந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகக் குனிந்தார். மகள் பின்னால் போனாள். வரிசை கூடத்தைத் தாண்டி, படுக்கையறைக்குள் நுழைந்து, அண்ணியின் பீரோக் கதவிடுக்கில் புகுந்தது.

சித்தப்பாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அந்த வீட்டில் அவர் துடைப்பம் போகாத ஒரே இடம் அதுதான். நப்பாசை செத்தது.

"சாவி எடு" என்றார் அண்ணன்.

"சாவி... கிளினிக்ல வெச்சுட்டு வந்துட்டேன்."

"அப்ப இடுப்புல தொங்குறது என்னம்மா?" என்றாள் மகள்.

அண்ணியின் முகம் வெளுத்தது. போன வாரம்தான் மகளின் பையிலிருந்து ஒரு பாக்கெட் சிப்ஸைப் பிடித்து, வீட்டையே இரண்டாக்கியிருந்தார். கை சாவிக்கொத்தை மூடிக்கொண்டது. அண்ணன் கையை நீட்டியபடி நின்றார்.

சித்தப்பா கதவோரத்தில் நின்று அந்த முகத்தைப் பார்த்தார். நாளைக்கு பஸ் ஏற்றிவிடப்போகிற முகம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பீரோ தானாகப் பேசும். எவ்வளவு அருமையான காட்சி! ஆனால் ரப்பர் மடிப்பில் மாட்டிய பூச்சி மாதிரி அந்த அம்மாள் விழித்துக்கொண்டு நிற்பது அவருக்கு என்னவோ எரிச்சலாக இருந்தது. ஒளிக்கத் தெரியாவிட்டால் இதெல்லாம் எதற்கு?

"தொறக்காதண்ணே" என்றார். "உள்ள மருந்து வெச்சிருக்கேன். எறும்புக்கு."

"பூட்டின பீரோவுக்குள்ள எப்படிடா வெச்ச?"

"அண்ணிதான் தொறந்து குடுத்தாங்க. நேத்தே பீரோவுக்குள்ள ரெண்டு எறும்பு இருந்துச்சு."

அண்ணி வேகமாகத் தலையாட்டினார்.

"என்ன மருந்து?"

"என் உருண்டைதான். தின்னா செத்துரும்."

அண்ணன் யோசிக்கக்கூட இல்லை. "அப்பச் சரி" என்று நிமிர்ந்தார். "நாளைக்குள்ள எல்லாம் காலியாயிடும்." மகள் கட்டிலில் விழுந்து சிரித்தாள். "சித்தப்பா, இத வித்தா கோடீஸ்வரன் ஆயிடலாம்!"

உலகத்தில் வேறெந்தப் பொய்யும் இத்தனை சுலபமாக விலை போயிருக்காது. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட, 'அதெப்படி, அவ்வளவு மோசமா?' என்று கேட்கவில்லை. சித்தப்பா சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த வாணலியை மறுபடி கழுவினார்.

அண்ணன் வேலைக்குக் கிளம்பி, மகளும் தோழி வீட்டுக்குப் போன பிறகு அண்ணி வந்தார். மடித்த துண்டில் ஒரு பொதி. குப்பைக்கூடைக்கு மேல் அவிழ்த்தார். எறும்பு மொய்த்த உருண்டைகள், நடுவில் காலியான சிப்ஸ் பாக்கெட்டுகள். ஒவ்வொரு உருண்டையிலும் ஒரு கடி இருந்தது. சித்தப்பா கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஆழமான கடி.

"தினமும் ஒரு வாய் தின்னு பாத்தேன் தம்பி" என்றார் அண்ணி, கூடையைப் பார்த்தபடியே. "மொதல்ல இருந்ததுக்கு இப்ப எவ்வளவோ தேவல. ஆனா உப்பில்ல. ஒரு கல் உப்பு இல்லாம எதுங்க தொண்டையில எறங்கும்?"

"அண்ணனுக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு."

"அவருக்குத்தானே ஆகாது? எங்களுக்கு என்ன கேடு?"

"இத மொத நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டீங்களா? துடைப்பத்த எடுத்துட்டு வந்து நின்னா யாருக்குப் பேச்சு வரும்?"

சித்தப்பா சுவரோரம் சாய்த்திருந்த துடைப்பத்தைக் காலால் மூலைக்குத் தள்ளினார். அண்ணி டப்பாவைத் திறந்து மிச்சமிருந்த உருண்டை மாவில் பாதியைக் கிண்ணத்தில் கொட்டினார்.

"அவருக்குத் தனியா பிடிச்சு வைங்க. எங்களுக்கு உப்புப் போட்டு வேற. திங்கக்கிழமை கிளினிக்குக்குக் கொஞ்சம் எடுத்துட்டுப் போறேன்."

"ஞாயித்துக்கிழமை பஸ்ஸு..."

"அக்காகிட்ட சொல்லிக்கிறேன். அட்டைப்பெட்டி எங்க ஓடிடப் போகுது?"

மன்னிப்பு இல்லை, நன்றி இல்லை. அந்த வீட்டில் அதெல்லாம் எதிர்பார்க்கிறவன் முட்டாள். சித்தப்பாவின் கண்ணில் ஏதோ உறுத்தியது. வினிகராக இருக்கும் என்று தோளில் துடைத்துக்கொண்டார். அண்ணி உப்பு ஜாடிக்குள் ஐந்து விரலையும் விட்டு அள்ளிக் கிண்ணத்தில் போட்டார்.

"போதும், போதும் அண்ணி!" என்று அலறினார் சித்தப்பா. "இது உருண்டையா, கருவாடா?"