என் கணவரும் ஒரு மர வியாபாரியும்

கடல்கடந்து நாங்கள் குடியேறிய சான்ட்ரிங்ஹாமில் உள்ள எங்கள் மளிகைக் கடைக்குச் சனம் பருப்பும் அரிசிமாவும் வாங்கத்தான் வருகிறது. என் கணவரோ எப்போதோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரரின் வரலாற்றையும் சேர்த்துக் கட்டிக்கொடுப்பார்.

பக்கத்து மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். அன்று பிடித்தது சனி. அந்த வீட்டைக் கட்டியவர் பாய்க்கப்பலில் வெறுங்கையோடு வந்து இறங்கியவராம். துணிமூட்டை சுமந்து விற்று, பிறகு மரம் அறுத்து விற்கும் மரக்காலை வைத்து, கடைசியில் பாராளுமன்றம் போனாராம்.

"அவரும் வெளியால இருந்து வந்தவர், நானும் வெளியால இருந்து வந்தனான். அவரும் வியாபாரி, நானும் வியாபாரி. எங்கட ஊர்ச்சபைக்கு, அதுதான் லோக்கல் போர்ட், எலெக்சன்ல நான் ஏன் நிக்கக்கூடாது?" என்றார் திரும்பி வந்ததும்.

"முதல்ல அந்த ஃப்ரீசரைத் திருத்துங்கோ" என்றேன்.

தேர்தலில் நின்றேவிட்டார். கடை என் தலையில் விழுந்தது. போதாததற்கு, அவருடைய பேச்சுக்குத் தகவல் தேட நூலகத்துக்கும் நான்தான் போனேன். அங்கேதான் படித்தேன்: பாராளுமன்றம் போன அந்த மனிதர், தனக்குப் பிறகு வந்த சீனர்களை உள்ளே விடாதே, விட்டால் ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி வாங்கு என்று முழங்கியிருக்கிறார்.

"இதையும் சொல்லுவீங்களோ?"

"அதையெல்லாம் இப்ப ஏன் கதைக்கவேணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேட்பாளர் கூட்டத்தில் தனக்குக் கிடைத்த நேரம் முழுவதையும் அந்த மர வியாபாரிக்கே கொடுத்தார். பேசி முடித்ததும், எங்கள் தெருமுனையில் டெய்ரி என்கிற சின்னப் பெட்டிக்கடை நடத்தும் சீனப் பெண்மணி எழுந்தார்.

"அவர் எங்கள் ஆட்களைப் பற்றி என்ன பேசினார் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் அமைதியாகக் கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நானும் கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்தேன்.

"தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது" என்றார், அவரும் ஆங்கிலத்தில்.

ஒருவரும் கைதட்டவில்லை. தேர்தலில் நன்றாகத் தோற்றார்.

அடுத்த வாரம் அந்தப் பெண்மணி இஞ்சி வாங்க வந்தார். "உங்கள் கணவருக்குத்தான் வாக்குப் போட்டேன், உண்மையைச் சொன்னாரே" என்றார். அவர் போன பிறகு அதை இவரிடம் சொல்லித் தொலைத்தேன். அடுத்த முறையும் நிற்கப்போகிறாராம். இப்போது வரலாற்றில் தலைவரியும் சேர்ந்துவிட்டது. கதை இன்னும் நீளம்.